உச்சியில் நின்றவர்கள் இரண்டு பேர்! ஏற்றி வைத்தவர்கள் எத்தனை பேர்?

1953-ம் ஆண்டு மே 29-ந் தேதி. காலை 11-30 மணி.

உலகத்தின் உச்சியில் இரண்டு மனிதர்கள் நின்றார்கள்.

ஒருவர், நியூசிலாந்தில் தேனீ வளர்த்து வந்த எட்மண்ட் ஹில்லாரி. மற்றவர், டார்ஜீலிங்கில் குடியிருந்த ஷெர்ப்பா டென்சிங் நார்கே.

அவர்கள் அங்கே நின்றது சுமார் 15 நிமிஷம்தான். கை குலுக்கினார்கள், கட்டித் தழுவினார்கள். டென்சிங் தம்முடைய பனிக்கோடரியில் நாலு கொடிகளைக் கட்டி உயர்த்திப் பிடித்தார். ஹில்லாரி படம் எடுத்தார். பிறகு இறங்கத் தொடங்கினார்கள்.

இவ்வளவு விஷயமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

ஆனால், அந்த 15 நிமிஷத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் யார்? அவர்களை அந்தந்த இடத்தில் நிறுத்தி வைத்தவர் யார்? இது பல பேருக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் நடத்தும் தலைமை ஆசிரியர், ஆபீஸ் நடத்தும் மானேஜர், பட்டறை நடத்தும் முதலாளி- இப்படிப் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. அதில் புகழ வேண்டியதும் இருக்கிறது. கண்டிக்க வேண்டியதும் இருக்கிறது.

வேண்டாத தலைவர்

எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29 ஆயிரம் அடிக்கு மேல். 1921-ம் ஆண்டு முதல் இங்கிலாந்துக்காரர்கள் அதன் மேல் ஏறப் பார்த்தார்கள். 1924-ல் மல்லோரி, இர்வின் என்ற இரண்டு வீரர்கள் உச்சிக்குப் புறப்பட்டுப் போனார்கள். திரும்பி வரவே இல்லை.

1952-ல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் முயன்றார்கள். அந்தக் கோஷ்டியின் லாம்பர்ட்டும் நம் டென்சிங்கும் சிகரத்துக்கு ஏறக்குறைய 800 அடி கீழே வரை போய்த் திரும்பினார்கள்.

1953, இங்கிலாந்தின் முறை. 1954-ம் ஆண்டுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் அனுமதி வாங்கி வைத்திருந்தார்கள். 1955 மறுபடியும் சுவிஸ்காரர்களுக்கு. இந்தத் தடவை தவறினால் மறு வாய்ப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

யாரைத் தலைவராகப் போடுவது?

எரிக் ஷிப்டன் என்ற பெயரைத்தான் எல்லோரும் நினைத்தார்கள். இமயமலையில் அவர் கால் படாத இடம் குறைவு. மலையேறும் இளைஞர்களுக்கு அவர் தெய்வம் மாதிரி. ஆனால் அவருக்குப் பெரிய கோஷ்டிகள் பிடிக்காது. நாலு பேர், கொஞ்சம் மூட்டை, புதிய மலை- இதுதான் அவருக்கு ஆனந்தம்.

லண்டனில் இருந்த கமிட்டி, ஷிப்டனை விட்டுவிட்டு, ஜான் ஹண்ட் என்ற ராணுவக் கர்னலைத் தலைவராக நியமித்தது.

கோஷ்டியில் கொந்தளிப்பு! ஹண்டின் பெயரைப் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. டாம் பூர்டிலான் என்ற விஞ்ஞானி, "நான் வரவில்லை" என்று விலகிக்கொண்டார். பிறகு அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வர வேண்டியிருந்தது.

ஷிப்டனை நடத்திய விதம் மரியாதையானதல்ல. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கமிட்டிக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. நன்றாக மலை ஏறுவது ஒரு திறமை. மலை ஏறுகிறவர்களை நடத்திச் செல்வது வேறு திறமை. முன்னதில் ஷிப்டன் பெரியவர். அந்த வருஷத்துக்கு வேண்டியிருந்ததோ பின்னது.

கெட்டிக்கார வாத்தியாரைத் தலைமை ஆசிரியர் ஆக்குகிறார்கள். பள்ளிக்கூடம் ஒரு நல்ல வாத்தியாரை இழக்கிறது; நல்ல தலைமை ஆசிரியரும் கிடைப்பதில்லை. எத்தனை ஊர்களில் நடக்கிற கதை இது!

யாருக்கு என்ன வரும்?

ஹண்ட் செய்த முதல் காரியம், யாருக்கு என்ன வரும் என்று பார்த்ததுதான்.

சார்லஸ் எவான்ஸ் மூளை ரண சிகிச்சை நிபுணர். நிதானம் தவறாதவர். அவரைத் துணைத் தலைவர் ஆக்கினார். சாமான்களின் கணக்கையும் அவரிடம் கொடுத்தார். ஆபரேஷன் மேஜையில் கத்தி எங்கே, பஞ்சு எங்கே என்று தெரிந்த மனிதருக்குக் கூடாரம் எங்கே, கயிறு எங்கே என்று வைத்துக்கொள்வதா கஷ்டம்?

பூர்டிலான் பௌதிக விஞ்ஞானி. பிராணவாயுக் கருவிகள் அவர் பொறுப்பு. அவரும் அவருடைய தந்தையும் சேர்ந்து புதுவிதக் கருவி ஒன்றையே தயாரித்திருந்தார்கள்.

சார்லஸ் வைலி கூர்க்காப் படையில் அதிகாரி. நேபாளி மொழி பேசுவார். 350-க்கும் மேற்பட்ட சுமை தூக்கிகளையும், மேலே வரும் ஷெர்ப்பாக்களையும் கவனிக்கும் வேலை அவருக்கு. கூலிக்காரர்களிடம் அவர்கள் பாஷையில் பேசுகிறவர் ஒருவர் இல்லாவிட்டால் எந்தக் கோஷ்டியும் பாதி வழியில் நின்றுவிடும்.

இன்னொருவர் டாக்டர் கிரிபித் பியூ. சிகரம் ஏறுகிற கோஷ்டியில் அவர் சேர்ந்தவர் அல்ல. உடலியல் ஆராய்ச்சியாளர். 1952-ல் சோ ஓயு மலைக்குப் போய், உயரத்தில் மனித உடம்பு என்ன பாடுபடுகிறது என்று அளந்து பார்த்து வந்தவர். "நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். பிராணவாயுவைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். உடம்பு பழகுவதற்கு நாள் கொடுக்க வேண்டும்" என்பது அவர் சொன்னதன் சாரம்.

அதன் அருமை டென்சிங்குக்குத் தெரியும். 1952-ல் லாம்பர்ட்டும் அவரும் அடுப்பு இல்லாமல், படுக்கைப் பை இல்லாமல் ஓர் இரவைக் கழித்தார்கள். மெழுகுவர்த்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கி நாக்கை நனைத்துக்கொண்டார்கள். மறுநாள் உடம்பு என்ன ஆகும்?

வீரம் குறைந்ததால் அவர்கள் திரும்பவில்லை. தண்ணீரும் பிராணவாயுவும் போதவில்லை. பியூ போன்ற மனிதர் ஒரு கோஷ்டியில் இருந்தால், அவருக்கு மலை ஏறத் தெரியுமா என்று கேட்கக் கூடாது. அவர் சொல்வதைக் கேட்டு மற்றவர்கள் ஏறினால் போதும்.

மே 7-ந் தேதிக் கூட்டம்

மலையடிவார முகாமில் மே 7-ந் தேதி ஹண்ட் எல்லோரையும் கூட்டினார். யார் யாருக்கு என்ன வேலை என்று அறிவித்தார்.

அத்தனை பேர் மனத்திலும் ஓர் ஆசை இருந்தது. உச்சியில் தன் கால் பட வேண்டும்! அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் உச்சிக்குப் போகக்கூடியவர்கள் நாலு பேர்தான்.

முதல் ஜோடி, பூர்டிலானும் எவான்சும். இரண்டாவது ஜோடி, ஹில்லாரியும் டென்சிங்கும்.

ஹில்லாரியின் உயிர் நண்பர் ஜார்ஜ் லோ. அவரும் நியூசிலாந்துக்காரர், பள்ளி ஆசிரியர், பனியில் படி வெட்டுவதில் சூரர். இருவரும் ஜோடியாகப் போக ஹில்லாரிக்கு ஆசை. ஹண்ட் அதற்கு இணங்கவில்லை.

காரணம் இருந்தது. ஏப்ரல் கடைசியில் ஹில்லாரி ஒரு பனிப்பிளவைத் தாண்டினார். கால் வைத்த இடம் இடிந்தது. ஆள் உள்ளே விழுந்தார். பின்னால் வந்த டென்சிங் கண் இமைக்கும் நேரத்தில் கோடரியை ஊன்றிக் கயிற்றை இழுத்துப் பிடித்தார். ஹில்லாரி பிழைத்தார். அதன் பிறகு இருவரும் சேர்ந்து ஏறும் வேகத்தை ஹண்ட் கவனித்து வந்தார்.

நண்பர்களைச் சேர்த்து வைப்பது சுலபம். எந்த இரண்டு பேர் சேர்ந்தால் பலம் இரட்டிப்பாகும் என்று பார்ப்பதுதான் தலைவனுக்கு வேலை.

ஆட்சேபமும் வந்தது. ஹண்ட் தாமும் உயரத்துக்குச் சுமை தூக்கிப் போகப்போவதாகச் சொன்னார். "உங்கள் உடம்பு அதற்குத் தாங்காது" என்று கோஷ்டியின் டாக்டர் மைக்கேல் வார்டு வாதாடினார். ஹண்ட் தம் திட்டத்தை மாற்றவில்லை. ஆனால், தலைவன் முகத்துக்கு நேரே "இது தவறு" என்று சொல்ல அந்தக் கோஷ்டியில் இடம் இருந்தது. ஆளுக்கு ஆள் மனத்துக்குள் புழுங்குவதைவிட இது எவ்வளவோ மேல்!

படி வெட்டியவர்

ஜார்ஜ் லோவுக்குக் கிடைத்த வேலை என்ன?

லோட்சே என்ற மலையின் சரிவு. சுமார் நாலாயிரம் அடிக்குச் சுவர் மாதிரி நிற்கும் பனிக்கட்டி. அதில் வழி உண்டாக்காவிட்டால் எவரெஸ்ட்டின் தோள்பட்டைக்குப் போக முடியாது. ஏறக்குறைய பத்து நாள் லோ அந்தச் சரிவிலேயே கிடந்தார். கோடரியால் வெட்டி வெட்டிப் படி அமைத்தார். சில நாள் ஆங் நீமா என்ற ஷெர்ப்பா மட்டும் துணை. காற்று அடிக்கும். வெட்டிய படியை மறுநாள் பனி மூடிவிடும். மறுபடியும் வெட்ட வேண்டும்.

அந்தச் சரிவின் மேல்பகுதியைக் கடந்து, மே 21-ந் தேதி, 26 ஆயிரம் அடி உயரத்தில் உள்ள கணவாயில் முதலில் கால் வைத்தவர்கள் இருவர். வில்பிரிட் நாய்ஸ், அன்னுல்லு. நாய்ஸ் பள்ளி ஆசிரியர், கவிதை எழுதுவார். அன்னுல்லு ஷெர்ப்பா. மேலே போக வேண்டிய ஷெர்ப்பாக்கள் கீழே தயங்கி நின்ற நேரம் அது. இந்த இருவரும் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து அவர்களுக்குத் தைரியம் வந்தது. மறுநாளே ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஷெர்ப்பாக்கள் மூட்டைகளுடன் கணவாய்க்கு ஏறிவிட்டார்கள்.

இந்தச் சமயம் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? கீழே உடைந்து உடைந்து நகரும் பனிப்பாறைச் சரிவு ஒன்று இருக்கிறது. அது தினமும் உருவம் மாறும். நேற்றுப் போட்ட பாலம் இன்று இருக்காது. மைக்கேல் வெஸ்ட்மகாட் என்ற இளைஞர் நாள்தோறும் அங்கே போய் வழியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். உச்சியைப் பற்றி நினைக்கக்கூட அவருக்கு நேரம் இல்லை. அவர் அந்த வழியைக் காக்காவிட்டால் மேலே போன ஒருவரும் இறங்கி வந்திருக்க முடியாது.

ஊர் கூடித் தேர் இழுக்கிறது. வடம் பிடிப்பவர்களைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவனை யார் பார்க்கிறார்கள்? அவன் ஒரு நிமிஷம் அசந்தால் தேர் எங்கே போகும்?

தோற்றவர்கள் கொடுத்த வெற்றி

மே 26-ந் தேதி. பூர்டிலானும் எவான்சும் புறப்பட்டார்கள். பூர்டிலான் குடும்பம் தயாரித்த கருவிதான் அவர்கள் முதுகில். வெளியே விடும் மூச்சையே சுத்தம் செய்து மறுபடியும் உள்ளே அனுப்பும் கருவி அது. வேகம் கிடைக்கும். ஆனால் கனம் அதிகம். அடிக்கடி கோளாறு செய்யும்.

பகல் ஒரு மணிக்கு அவர்கள் தென்சிகரத்தை அடைந்தார்கள். சுமார் 28,700 அடி. அதற்கு முன்னால் எந்த மனிதனும் அவ்வளவு உயரம் ஏறி நின்றதில்லை. உச்சி கண்ணுக்குத் தெரிகிறது. இன்னும் 300 அடி உயரம்தான்!

எவான்சின் கருவி கோளாறு செய்துகொண்டிருந்தது. பிராணவாயு குறைந்துகொண்டிருந்தது. போகலாம், போனால் திரும்ப முடியாது. பூர்டிலானுக்கு மேலே போக ஆசை. எவான்ஸ் தடுத்தார். இருவரும் திரும்பினார்கள். வழியில் சறுக்கி விழுந்து, எழுந்து, குற்றுயிராகக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இது தோல்வியா?

அவர்கள் பார்த்து வந்து சொன்ன விவரம் அடுத்த ஜோடிக்குக் கிடைத்தது. அதுமட்டும் அல்ல. பாதி தீர்ந்த இரண்டு பிராணவாயு சிலிண்டர்களை அவர்கள் வழியில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். மூன்று நாள் கழித்து, உச்சியிலிருந்து இறங்கிய ஹில்லாரியும் டென்சிங்கும் அந்த சிலிண்டர்களைத்தான் மாட்டிக்கொண்டு வந்தார்கள்!

ஆபரேஷன் அறையில் "இதற்கு மேல் கத்தி வைக்கக் கூடாது" என்று கை நிறுத்தத் தெரிந்த மனிதர் எவான்ஸ். அந்தக் குணம்தான் 28,700 அடி உயரத்தில் இரண்டு உயிர்களைக் காப்பாற்றியது. முன்னே பாய்கிறவனோடு நிறுத்தத் தெரிந்தவனையும் சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

சுமை தூக்கிய தலைவர்

அதே மே 26-ந் தேதி, டாக்டர் "தாங்காது" என்று சொன்ன ஹண்ட் என்ன செய்தார்?

அவர் மூட்டை தூக்கினார். டா நம்கியால் என்ற ஷெர்ப்பாவோடு சுமார் 27,350 அடி வரை ஏறினார். கூடாரம், உணவு எல்லாவற்றையும் அங்கே வைத்தார். தாங்கள் சுவாசித்துக்கொண்டிருந்த பிராணவாயு சிலிண்டர்களையும் கழற்றி வைத்தார்கள். ஹில்லாரிக்கும் டென்சிங்குக்கும் அது உதவட்டும் என்று, கருவி இல்லாமல் தள்ளாடி இறங்கி வந்தார்கள்.

மறுநாள் பூர்டிலானின் நிலைமை மோசமாக இருந்தது. உடனே கீழே இறக்க வேண்டும். கணவாயில் தங்கிக் கடைசி முயற்சியைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது ஹண்டின் எண்ணம். அதை விட்டுவிட்டார். நோயாளியோடு கீழே இறங்கினார். திடமாக இருந்த லோவைத் தம் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஒருவருக்கு ஒரு வேலை என்று பிரித்துக் கொடுக்கிற தலைவன் தனக்கு எதை எடுத்துக்கொள்கிறான் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். நல்ல பங்கைத் தனக்கு வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு "உன் திறமைக்கு இதுதான் பொருத்தம்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஹண்ட் எடுத்துக்கொண்டது மூட்டை. அதனால்தான் படி வெட்டச் சொன்னபோது லோ வெட்டினார்.

மே 28-ந் தேதி கடைசி முகாம். மூன்று ஷெர்ப்பாக்கள் சுமை தூக்க வேண்டும் என்பது திட்டம். அவர்களில் திடமாக இருந்தவர் ஆங் நீமா ஒருவர்தான். அவரும், லோவும், ஆல்பிரட் கிரிகரி என்ற புகைப்படக்காரரும், உச்சிக்குப் போக வேண்டிய இருவரும் சுமைகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஹண்ட் வைத்துவிட்டுப் போன மூட்டையும் சேர்ந்துகொண்டது. ஹில்லாரியின் முதுகில் மட்டும் 60 ராத்தலுக்கு மேல்! 27,900 அடியில் கூடாரத்தை இறக்கி வைத்துவிட்டு மூன்று பேர் திரும்பினார்கள். இரண்டு பேர் தங்கினார்கள்.

மறுநாள்தான் அந்த 11-30 மணி.

முத்திரை குத்தாதே!

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "ஆமாம், அவரவருக்கு என்ன வருமோ அந்த வேலையைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது" என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

டென்சிங்கையே எடுத்துக்கொள்ளலாம். 1935-ல் சுமை தூக்கியாக முதன்முதலில் எவரெஸ்ட்டுக்குப் போனார். அவரைப் பார்த்து, "ஷெர்ப்பாவின் திறமை சுமை தூக்குவது. அந்த வேலையில் வைப்போம்" என்று முடிவு கட்டியிருந்தால்? அது தப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் நன்றாகவே சுமை தூக்கினார்!

ஆனால் அது அவருடைய திறமையில் ஒரு பகுதி. 1952-ல் சுவிஸ்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார்கள். லாம்பர்ட்டோடு ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறினார். ஹண்டும் அதே வழியைப் பின்பற்றினார். ஷெர்ப்பாக்களுக்கு சர்தார் என்ற வேலையோடு, மலை ஏறும் கோஷ்டியில் முழு அங்கத்தினர் என்ற இடமும் கொடுத்தார். எவரெஸ்ட்டை டென்சிங் அளவுக்கு அறிந்தவர் அந்தக் கோஷ்டியில் வேறு ஒருவரும் இல்லை.

திறமை பார்த்து வேலை கொடுப்பது வேறு. முத்திரை குத்தி மூலையில் வைப்பது வேறு. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும்.

"அவன் கணக்கில் புலி" என்று ஒரு குமாஸ்தாவை முப்பது வருஷம் கணக்குப் புத்தகத்திலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். வந்தவர்களிடம் பேசிக் காரியத்தை முடிக்கும் சாமர்த்தியம் அவனுக்கு உண்டா என்று யாரும் பார்ப்பதில்லை. "அந்த அம்மாள் எழுத்து முத்து முத்தாக இருக்கும்" என்கிறார்கள். கூட்டத்தில் குறிப்பு எடுக்கும் வேலை ஆயுள் முழுவதும் அந்த அம்மாளுக்கே! கூட்டத்துக்குத் தலைமை வகிக்க அவருக்குத் தெரியுமா என்ற கேள்வியே எழுவதில்லை.

தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரமே வைத்தார் வள்ளுவர். தெரிந்து கொடுக்க வேண்டும் என்றார். ஒரு தடவை தெரிந்துகொண்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆள் வளர வளர மறுபடியும் மறுபடியும் பார்க்க வேண்டும்.

மோட்டார் கொட்டகையில் படுத்தவர்கள்

ஹண்டின் கோஷ்டியிலும் ஒரு கறை உண்டு. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நியாயம் அல்ல.

பயணம் தொடங்கிய சமயம். காட்மாண்டுவில் இங்கிலாந்து தூதரகம் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் தூதரகக் கட்டிடத்துக்குள் தங்கினார்கள். ஷெர்ப்பாக்களுக்குக் கொடுத்த இடம் மோட்டார் கொட்டகை. அங்கே கழிப்பிடம்கூட இல்லை. ஷெர்ப்பாக்களுக்குக் கோபம் வந்தது. காலையில் கொட்டகைக்கு முன்னால் தெருவிலேயே சிறுநீர் கழித்துத் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள்!

அவர்கள் தோள் இல்லாமல் ஒரு மூட்டையும் கணவாய்க்குப் போகாது. எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தும் இப்படி நடந்தது. பலத்தைக் கண்டுபிடித்தார்கள், பலம் உள்ளவனுக்கு மரியாதை கொடுக்க மறந்தார்கள்.

வெற்றிக்குப் பிறகு என்ன நடந்தது? ஜூன் 2-ந் தேதி, எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா நாளில் செய்தி லண்டன் பத்திரிகையில் வந்தது. ஹண்டுக்கும் ஹில்லாரிக்கும் "சர்" பட்டம். அதே உச்சியில், அதே நிமிஷத்தில், அதே கயிற்றில் நின்ற டென்சிங்குக்கு ஜார்ஜ் மெடல். இதற்குக் காரணம் பல சொல்லப்பட்டன. எந்தக் காரணமும் மனத்தைத் திருப்திப்படுத்துவதாக இல்லை.

இன்னொரு பக்கம், "யார் முதலில் கால் வைத்தது?" என்று உலகம் பிடுங்கி எடுத்தது. காட்மாண்டுவில் டென்சிங்தான் முதலில் என்று கோஷம். ஹில்லாரியை அவர் கயிறு கட்டி இழுத்தது மாதிரி படம் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே போய்ச் சேர்ந்தோம் என்று சேர்ந்து அறிக்கை கொடுக்க வேண்டி வந்தது. 1955-ல் வெளிவந்த தம் சுயசரிதையில் டென்சிங், ஹில்லாரிதான் ஓர் அடி முன்னால் வைத்தார் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படிச் சொல்வதால் தம் பெருமை குறையும் என்று அவர் நினைக்கவில்லை. குறையவும் இல்லை.

அந்தச் சண்டையைப் போட்டவர்கள் இரண்டு பேரைப் பற்றித்தான் போட்டார்கள். அன்னுல்லு யார் என்று யார் கேட்டார்கள்? டா நம்கியால் யார் என்று யார் கேட்டார்கள்? ஆங் நீமா கடைசி முகாம் வரை சுமை தூக்கிவிட்டு இறங்கிப் போனார். அந்த முகாம் இல்லாமல் உச்சி ஏது?

கூலியும் பெயரும்

பத்துப் பேரை வைத்து நடத்துகிற யாரும் இந்தக் கதையில் மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று: எல்லா வேலையிலும் கெட்டிக்காரனைத் தேடி அலைய வேண்டாம். அப்படி ஒருவன் கிடைக்க மாட்டான். படி வெட்டுகிறவன், கணக்கு வைக்கிறவன், பாஷை பேசுகிறவன், "போதும், திரும்பு" என்று சொல்லத் தெரிந்தவன்- இவர்களைத் தனித்தனியே கண்டுபிடித்து ஒரே கயிற்றில் கட்டினால் போதும்.

இரண்டு: கண்டுபிடித்ததோடு நிற்கக் கூடாது. சுமை தூக்கி வந்தவன் சிகரம் ஏறுகிறவனாகவும் இருக்கலாம். அவனுக்கு ஒரு தடவையாவது கயிற்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று: இதுதான் முக்கியம். ஒருவனைக் கண்ணுக்குத் தெரியாத வேலையில் வைத்தால், அவன் பெயரைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு வைத்தவனுடையது. வேலை கீழே இருக்கலாம். மரியாதை கீழே இருக்கக் கூடாது. கூலி, தங்கும் இடம், பட்டம், படம் இவற்றில் பாகுபாடு காட்டிவிட்டு, "நாம் எல்லோரும் ஒரே கோஷ்டி" என்று பேசினால் கேட்கிறவன் சிரிப்பான். அடுத்த தடவை பாதி மூட்டைதான் தூக்குவான்.

விழா மேடையில் மாலை போடுகிறார்கள். தலைவருக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று. பந்தல் போட்டவனையும், நாற்காலி அடுக்கியவனையும், இரவெல்லாம் கண் விழித்து அழைப்பிதழ் அச்சடித்தவனையும் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷம் பல இடங்களில் கிடைப்பதே இல்லை.

மே 30-ந் தேதி. ஹண்ட் கீழ் முகாமில் காத்துக்கொண்டிருந்தார். வெகுதூரத்தில் பனிச்சரிவில் சில உருவங்கள் வந்தன. வெற்றியா, தோல்வியா என்று தெரியவில்லை. அருகே வந்ததும் முன்னால் வந்த ஜார்ஜ் லோ, கோடரியை உயர்த்திச் சிகரத்தைச் சுட்டிக் காட்டினார்.

ஹண்ட் ஓடினார். ஹில்லாரியைக் கட்டித் தழுவினார். டென்சிங்கைக் கட்டித் தழுவினார். பட்டாளத்துக் கர்னலின் கண்களில் நீர்.

நல்ல செய்தியை முதலில் கையால் காட்டியவர், உச்சிக்குப் போகாத மனிதர். பத்து நாள் படி வெட்டியவர். அந்த வெற்றி தம்முடையதும்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படி ஒவ்வொருவரும் நினைக்கும்படி செய்துவிட்டால், அந்தத் தலைவனுக்கு வேறு சிகரம் தேவை இல்லை.